திறக்க முடியாத பெட்டிக்கு ஏன் இத்தனை மரியாதை?

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனிக்கோ கோவைக்கோ வண்டி ஏறப்போகிறவர், செல்போனில் சார்ஜ் இறங்கிவிட்டதென்று பெயர் தெரியாத ஒரு பவர்பேங்கை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதே வட்டாரத்தில் ஒரு பாலிடெக்னிக் மாணவன் புதிய லித்தியம் செல்லும் சார்ஜ் போர்டும் வாங்கி, த்ரீடி பிரிண்டரில் கூடு அச்சடித்து, தன் கையாலேயே ஒன்றைச் செய்தால் வீடு கூடிவிடும். "வெடிச்சுகிடிச்சுத் தொலைக்கப்போகுது தம்பி, கடையில நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ." விவரம் தெரிந்தவர்களும் பெரும்பாலும் இதே கட்சிதான்: கடைச்சரக்கு பாதுகாப்பு, கைச்சரக்கு ஆபத்து. லித்தியத்துக்குப் பயப்படுவது சரி. அந்தப் பயம் போய் உட்கார்ந்திருக்கும் இடம் சரியில்லை. ஆபத்து செல்லில் இருக்கிறது, செல்லுக்கு மின்சாரம் ஏற்றி இறக்கும் சர்க்யூட்டில் இருக்கிறது, வெப்பத்தில் இருக்கிறது. பெட்டியைக் கடைசியாக மூடிய கை யாருடையது என்பதில் அது இல்லை. செல்லைப் பார்த்து வாங்கி, போர்டைப் படித்து, திருகு போட்டு மூடியவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும். ஒட்டி மூடிய பெட்டியை வாங்கியவருக்குத் தெரியாது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

முதலில் 'வீட்டில் செய்தது' என்பதன் பொருளைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். லித்தியம் அயான் செல்லை வீட்டில் யாராலும் செய்ய முடியாது. 1991இல் சோனி நிறுவனம் அதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இன்றுவரை அது பெரிய தொழிற்சாலைகளின் வேலை. பவர்பேங்க் என்பது அந்தச் செல், அதற்கு மின்சாரம் ஏற்றும் ஒரு சிறு போர்டு, செல்லின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும் இன்னொரு பகுதி, எல்லாவற்றையும் பொதிந்து வைக்கும் கூடு, அவ்வளவே. பிராண்ட் கம்பெனி வாங்கும் அதே வகைச் செல்லைத்தான் வீட்டில் செய்கிறவரும் வாங்குகிறார், அல்லது வாங்க வேண்டும். இரண்டு பேரும் பொருத்துகிறவர்கள்தான். ஒருவர் லட்சக்கணக்கில் பொருத்துகிறார், மற்றவர் ஒன்றே ஒன்று.

இதைச் சொன்னதும் எதிர்த்தரப்பு கையில் எடுப்பது விபத்துச் செய்திகளை. அவற்றையே பார்ப்போம். 2016இல் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி நோட் 7 போன்களை 25 லட்சம் அளவில் திரும்பப் பெற்றது. மாற்றிக் கொடுத்தவையும் எரிந்ததால் அந்த மாடலையே நிறுத்தியது. அடுத்த ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு முடிவில், ஒரு சப்ளையரின் செல்லில் மூலைப் பகுதியில் எதிர்மின் தகடு வளைந்திருந்தது என்றும், இன்னொருவரின் செல்லில் வெல்டிங் பிசிறு உள்ளே குத்தியது என்றும் அந்த நிறுவனமே சொன்னது. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பவர்பேங்குகளைத் திரும்பப் பெற்றது. காரணம் செல் சூடேறுவது. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் புகையில் மூச்சுமுட்டி இறந்தார்கள். இவற்றில் ஒன்றுகூட வீட்டில் பொருத்தியதல்ல. "சோதனைக்கூடம் வைத்திருக்கிறவனே தவறுகிறான், நீ எம்மாத்திரம்?" என்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் போனிலும் பவர்பேங்கிலும் தவறியது செல்லின் உட்புறம். அந்த அபாயம் கடையில் வாங்குகிறவருக்கும் வீட்டில் செய்கிறவருக்கும் பொது. செல்லைச் செய்த தொழிற்சாலையைப் பொறுத்தது. சொல்லப்போனால் வீட்டில் செய்கிறவர் வழக்கமாக எடுக்கும் 18650 வகை உருளைச் செல்லுக்கு (18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால்தான் அந்தப் பெயர்) எஃகு உறை உண்டு. நல்ல கம்பெனிச் செல்லில், உள்ளழுத்தம் ஏறினால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தகடும், அதையும் மீறினால் வாயுவை வெளியே விடும் வாயும் நேர்முனையில் அமைந்திருக்கும். மெலிதாக, பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கடைப் பவர்பேங்குகள் பலவற்றில் வைக்கப்படும் பட்டைச் செல்லுக்கு இருப்பது வெறும் அலுமினியத் தாள் பொதிதான்.

கடைச்சரக்கின் மேல் வைக்கும் நம்பிக்கை எவ்வளவு கண்மூடித்தனமானது என்பதற்கு விபத்துகூடத் தேவையில்லை, பெருக்கல் வகுத்தல் போதும். பெட்டியின் மேல் '20,000 எம்ஏஎச்' என்று அச்சிட்டிருக்கிறது. 3.7 வோல்ட்டில் அது 74 வாட்-மணி. இன்று பரவலாகக் கிடைக்கும் 18650 செல்களில் மிக நல்லது 3,500 எம்ஏஎச் பக்கம் கொள்ளும். அதன் எடை ஏறத்தாழ 48 கிராம். 20,000 வேண்டுமென்றால் ஆறு செல் வேண்டும், செல்லின் எடை மட்டுமே 280 கிராமைத் தாண்டும். பட்டைச் செல்லிலும் கணக்கு பெரிதாக மாறாது. கூடும் போர்டும் சேர்த்து மொத்தமே 150 கிராம் எடையுள்ள ஒரு பெட்டி, தன்மேல் 20,000 என்று எழுதிக்கொண்டால் அது பொய். தராசு இருக்கிற எந்த மளிகைக் கடையிலும் இந்தப் பொய்யைப் பிடிக்கலாம். எடை சரியாக இருந்தாலும் நிச்சயமில்லை. எடைக்காக உள்ளே மணல் நிரப்பிய போலிகளும் உலகச் சந்தையில் பிடிபட்டிருக்கின்றன. ஒரே ஒரு 18650 செல்லின் மேல் 9,900 எம்ஏஎச் என்று துணிந்து எழுதியும் விற்கிறார்கள். அப்படியொரு செல்லை இதுவரை யாரும் செய்ததில்லை. உண்மையான 10,000 எம்ஏஎச் பெட்டியும் போனுக்கு 10,000 தருவதில்லை. 37 வாட்-மணியை 5 வோல்ட்டுக்கு மாற்றி, மாற்றும்போது வெப்பமாகப் போகும் 15 சதவீதத்தைக் கழித்தால் சுமார் 6,300தான் வெளியே வரும். பெரிய பிராண்டுகள் இதைப் பெட்டியின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒப்புக்கொள்கின்றன. பேருந்து நிலையச் சரக்கு எதையும் ஒப்புக்கொள்வதில்லை. கொள்ளளவில் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்கிறவர், ஒரு ரூபாய் மிச்சமாகும் என்றால் உள்ளே இருக்க வேண்டிய பாதுகாப்புச் சில்லை விட்டுவிடமாட்டார் என்று எதை வைத்து நம்புவது? மூடிய பெட்டிக்குள் அந்தச் சில் இருக்கிறதா என்பதைப் பார்க்க வாங்கியவருக்கு வழியே இல்லை.

"அதற்குத்தானே அரசு முத்திரை?" என்பார்கள். நியாயமான மறுமொழி, இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012இல் வந்தது. 2014இல் அதன் பட்டியலில் பவர்பேங்குகளும், கையடக்கக் கருவிகளுக்கான செல்களும் சேர்க்கப்பட்டன. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு பெற்ற பொருளில் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் யாருடைய பெயரில் பதிவு என்று தெரியும். அப்படிச் சரிபார்த்து வாங்கிய பவர்பேங்கை நான் குறை சொல்லவில்லை. செய்யத் தெரியாதவருக்கும் செய்ய நேரமில்லாதவருக்கும் அதுவே நல்ல வழி. ஆனால் முத்திரை என்பது மாதிரிக்கு எடுத்துக் கொடுத்த சரக்கைச் சோதித்ததற்கான சான்று. நம் கையில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்ததற்கான சான்று அல்ல. ஸ்டிக்கர் அடிக்கப் பெரிய முதலீடும் வேண்டாம். 'கடையில் வாங்கு' என்று புத்தி சொல்கிறவர்களில் எத்தனை பேர் 'வாங்கும்முன் அந்த எண்ணைத் தட்டிப் பார்' என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்? அதைச் சொல்லாதபோது அவர்கள் பரிந்துரைப்பது முத்திரையை அல்ல, கடை என்ற சொல்லைத்தான்.

இனி கைச்சரக்கின் பக்கம். கையால் செய்கிறவர்களில் பாதிப் பேர் செய்வதும் சரியில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சார்ஜ் ஏற்றப் பெரும்பாலும் வாங்குவது டிபி4056 என்ற சில் வைத்த போர்டு. சென்னை ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சாதனம். இதிலேயே இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் வெறும் சார்ஜர் மட்டும். இன்னொன்றில் டிடபிள்யூ01 என்ற பாதுகாப்புச் சில்லும் சேர்ந்திருக்கும். செல் அளவுக்கு மேல் ஏறினாலும், 2.4 வோல்ட்டுக்குக் கீழே வடிந்தாலும், கம்பிகள் முட்டிக்கொண்டாலும் அது இணைப்பை அறுத்துவிடும். நாலைந்து ரூபாய் வித்தியாசத்துக்காக முதல் ரகத்தை வாங்குகிறவர் எந்தக் கடைக்காரரையும் குறை சொல்லத் தகுதியற்றவர். மதுரைக்காரர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிபி4056 சில்லில் செல்லின் வெப்பத்தை அறிவதற்கென்றே ஒரு கால் இருக்கிறது. மலிவுப் போர்டுகளில் அதை எர்த்தோடு சேர்த்து வாயைக் கட்டிவிடுகிறார்கள். லித்தியம் அயான் செல்லுக்கு 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது பொதுவான வரம்பு. சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது தகரக் கூரைக்குக் கீழே ஓர் அறையில் செல் எத்தனை டிகிரியில் இருக்கும் என்று யோசித்தால் அந்தக் காலின் அருமை தெரியும். கையால் செய்கிறவர் அந்தக் காலை விடுவித்து, செல்லோடு ஒட்டி ஒரு தெர்மிஸ்டரை வைத்து, சரியான ரெசிஸ்டர்களைச் சேர்த்தால், சூடு ஏறியதும் சார்ஜ் தானாக நிற்கும். அதே போர்டில் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 2 கிலோ ஓம் போட்டால் ஒரு ஆம்பியர் ஏறுவது சுமார் 580 மில்லி ஆம்பியராகக் குறையும். நேரம் கூடும், சூடு குறையும். சீனாவிலோ நொய்டாவிலோ உலகத்துக்கெல்லாம் பொதுவாகச் செய்த பெட்டி மதுரை மே மாதத்துக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாது. கையால் செய்தது மாற்றிக்கொள்ளும்.

செல்லை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கையால் செய்கிறவர்கள் மிகவும் தடுமாறுகிறார்கள். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல் இலவசம் என்பது பெரிய கவர்ச்சி. அதில் உயிர் இருக்கிறது என்பதும் உண்மை. 2014இல் ஐபிஎம் நிறுவனத்தின் இந்திய ஆய்வுப் பிரிவு, எறிந்த லேப்டாப் பேட்டரிகளின் செல்களைக் கொண்டு 'ஊர்ஜார்' என்ற விளக்குக் கருவியைச் செய்து, பெங்களூரில் மின்வசதி இல்லாதவர்களிடம் கொடுத்துப் பார்த்தது. சோதித்த பேட்டரிகளில் குறைந்தது 70 சதவீதத்துக்கு, நாளொன்றுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் எல்இடி விளக்கை ஓராண்டு எரிக்கும் தெம்பு இருந்ததாக அந்த ஆய்வு சொன்னது. ஆனால் அதைச் செய்தவர்கள் ஒவ்வொரு செல்லையும் அளந்து தேர்ந்தவர்கள். அளக்காமல் எடுப்பது வேறு. 2 வோல்ட்டுக்கும் கீழே பல மாதம் கிடந்த செல்லில் உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கும். அதை 'உயிர்ப்பிக்க' முயல்வது மடத்தனம். ஒன்று 4.1 வோல்ட்டிலும் இன்னொன்று 3.3 வோல்ட்டிலும் இருக்கும் இரண்டு செல்லை அப்படியே பக்க இணைப்பில் சேர்ப்பதும் அப்படித்தான். செல்லின் மேல் நேரடியாக சால்டரிங் அயர்னை வைத்து அழுத்துவதும் கூடாது. நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது செல் ஹோல்டர் வாங்க வேண்டும். இவ்வளவும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக் கூடியவை. 'கைச்சரக்கு ஆபத்து' என்று பொத்தாம்பொதுவாக மிரட்டுவதால் நேரும் கேடு இதுதான்: செய்ய நினைக்கிற பையன் செய்வதை நிறுத்துவதில்லை, கேட்பதை நிறுத்திவிடுகிறான்.

அச்சடித்த கூட்டைப் பற்றியும் ஒரு தடை எழுப்புவார்கள்: பிளாஸ்டிக் நூலை உருக்கி அடுக்கடுக்காக இழைத்த டப்பா எதைத் தாங்கும்? இதில் அவர்கள் பக்கம் பாதி உண்மை இருக்கிறது. த்ரீடி பிரிண்டரில் எல்லோரும் முதலில் போடும் பிஎல்ஏ என்ற சரக்கு 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். ஆரப்பாளையம் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சர்வசாதாரணம். பிஎல்ஏ கூடு வளைந்தால் செல் நகரும், கம்பி இழுபடும், முனைகள் முட்டும். அதனால் பிஎல்ஏயில் பவர்பேங்க் கூடு அச்சடிப்பது மதுரையில் தவறான வேலை. 80 டிகிரி வரை நிற்கும் பிஇடிஜியோ, 100ஐத் தாண்டியும் நிற்கும் ஏபிஎஸ்ஸோ வேண்டும். தீ பரவாமல் தடுக்கும் தன்மையில் நல்ல கம்பெனிக் கூடு அச்சுக் கூட்டைவிட மேலானதாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனிக் கூடு தர முடியாத ஒன்றை அச்சுக் கூடு தருகிறது: நாலு திருகைக் கழற்றினால் அது திறக்கும். செல் வீங்கியிருக்கிறதா, ஒரு முனை கறுத்திருக்கிறதா என்று பார்க்கலாம். வாயு வெளியேறும் முனைக்கு எதிரே வழி விடலாம். மூன்றாண்டு கழித்துச் செல் தளர்ந்தால் செல்லை மட்டும் மாற்றலாம். இது ஏதோ பட்டறைக்காரர்களின் பிடிவாதம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறைச் சட்டம், கருவிகளுக்குள் இருக்கும் சிறு பேட்டரிகளை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி முதல் கட்டாயமாக்குகிறது. ஒட்டி மூடுவது பாதுகாப்புக்காகவே என்ற வாதத்தை, அந்த வாதத்தை அதிகம் கேட்டுப் பழகிய இடமே கைவிடத் தொடங்கிவிட்டது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. கையால் செய்தால் மலிவு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம்பகமான புதிய செல் மூன்று வாங்கினாலே நல்ல பிராண்ட் பவர்பேங்கின் விலையைத் தொட்டுவிடும். போர்டும் அச்சுக் கூலியும் தனி. மலிவுக்காகச் செய்தால் மலிவுச் செல்லில்தான் போய் முடியும். விமானத்தில் போகிறவரும் கடைச்சரக்கையே எடுத்துப் போவது நல்லது. 100 வாட்-மணி வரை கைப்பையில் அனுமதி என்றாலும், அளவு அச்சிடாத பெட்டியைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்தால் வாதாட முடியாது. செய்ததை விற்பதும் கூடாது. பதிவு இல்லாத பவர்பேங்கை விற்பதைக் கட்டாயப் பதிவு ஆணை தடுக்கிறது, தடுப்பதும் சரியே. தனக்குத் தெரிந்த பெட்டி, தெரியாத இன்னொருவர் கைக்குப் போனால் அதுவும் மூடிய பெட்டிதான்.

"பொதுமக்களுக்கு இதெல்லாம் புரியாது" என்ற கடைசி எதிர்வாதம்தான் எனக்கு அதிகம் கோபமூட்டுவது. 2012 மின்வெட்டுக் காலத்தை நினைத்துப் பார்க்கலாம். சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத அந்த மாதங்களில், மதுரை உட்படத் தமிழகமெங்கும் வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் பேட்டரி வந்து இறங்கியது. கந்தக அமிலம் நிறைந்தது, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடுவது, ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் பொறி பறக்க வைப்பது. அதை மூடிய அறையில் வைக்கக் கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்க்க வேண்டும், முனையில் பூத்த பச்சையைத் துடைக்க வேண்டும் என்பதையெல்லாம் எந்தப் பொறியியல் பட்டமும் இல்லாத குடும்பத்தினர் கற்றுக்கொண்டார்கள். திறந்து பார்க்கவும் பராமரிக்கவும் இடம் கொடுத்த பொருள் என்பதால் கற்றுக்கொள்ள முடிந்தது. 2016இல் தொடங்கிய மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் 10,000 பள்ளிகளுக்கு ஆய்வகம் கிடைத்து, ஒவ்வொன்றுக்கும் 20 லட்சம் ரூபாய் வரை மானியமும் த்ரீடி பிரிண்டரும் போயிருக்கின்றன. 2025 பட்ஜெட்டில் இன்னும் 50,000 ஆய்வகம் என்று அறிவித்தார்கள். அந்த பிரிண்டரில் சாவிக்கொத்து அச்சடித்துக் கண்காட்சியில் வைப்பதைவிட, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, ஒரே ஒரு நல்ல செல்லும் பாதுகாப்புப் போர்டும் வைத்த ஒரு கூட்டைச் செய்யச் சொன்னால் மாணவர் கற்பது ஓம் விதியோடு நிற்காது. பேருந்து நிலையத்தில் 20,000 என்று எழுதிய பெட்டியைக் கையில் தூக்கியதுமே 'எடை இல்லையே' என்று கீழே வைப்பார்.

பவர்பேங்க் செத்த பிறகு என்ன ஆகிறது என்பதையும் கடைச்சரக்கின் ஆதரவாளர்கள் பேசுவதில்லை. 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், சந்தையில் விட்ட பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைக்கின்றன. பெயரே இல்லாத பெட்டிக்கு உற்பத்தியாளர் என்று யாரைப் பிடிப்பது? அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது, அங்கிருந்து மற்ற குப்பையோடு மதுரையின் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. உள்ளே பாதி சார்ஜோடு ஒரு லித்தியம் செல் ஒட்டி மூடிக் கிடப்பது, குப்பையை அமுக்கும் வண்டிக்காரருக்கும் தெரியாது, பிளாஸ்டிக்குக்காக அதைக் கல்லால் உடைக்கும் பெண்ணுக்கும் தெரியாது. திருகு போட்ட கூட்டில் செல்லைத் தனியே எடுத்து, முனைகளுக்கு டேப் ஒட்டி, மின்கழிவு வாங்குகிறவரிடம் கொடுக்கலாம். கூடு மட்டும் பிளாஸ்டிக் குப்பைக்குப் போகும். ஒட்டி மூடிய பெட்டியில் இந்த வேலையைச் செய்ய வேண்டுமென்றால் ஸ்க்ரூடிரைவரை நெம்பி உடைக்க வேண்டும், அப்படி உடைக்கும்போதுதான் செல் குத்துப்பட்டுத் தீப்பிடிக்கிறது.